ஒன்பதரை மணி நேரமும் பதின்மூன்று மணி நேரமும்

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கிக்கும் ஜப்பானின் டோக்கியோவுக்கும் இடையே வான்வழித் தொலைவு எவ்வளவு என்று எந்த இணையதளத்தில் தேடினாலும் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர் என்று விடை வரும். அடுத்த வரியிலேயே பயண நேரம் ஒன்பது மணி அல்லது ஒன்பதரை மணி என்று குறிப்பிட்டிருக்கும். முதல் எண் சரியானது. இரண்டாவது எண் 2022 பிப்ரவரி வரை சரியாக இருந்தது. இன்று அந்தத் தடத்தில் பயணம் செய்பவர் ஏறக்குறைய பதின்மூன்று மணி நேரம் விமானத்தில் அமர்ந்திருக்க வேண்டும்.

இத்தகைய தளங்களின் கணக்கு எளிமையானது. நெடுந்தொலைவு விமானங்கள் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன. தொலைவை வேகத்தால் வகுத்து, ஏறவும் இறங்கவும் ஓடுபாதையில் ஊர்ந்து செல்லவும் கொஞ்சம் நேரத்தைக் கூட்டினால் விடை கிடைத்துவிடும். பள்ளிச் சிறுவனும் போடக்கூடிய கணக்குதான். ஆனால், வழியில் உள்ள வானம் யாருடையது என்ற கேள்வி அந்தக் கணக்கில் இடம்பெறுவதில்லை. மூன்றரை மணி நேர வேறுபாடு அங்கேதான் ஒளிந்திருக்கிறது.

முதலில் தொலைவைப் பார்த்துவிடுவோம். சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் ஹெல்சிங்கியையும் டோக்கியோவையும் அளவுகோல் வைத்து ஒரு நேர்கோட்டால் இணைத்தால், அந்தக் கோடு தென்கிழக்காக இறங்கி, கஜகஸ்தானின் கிழக்கு மூலையைத் தொட்டு, ஜப்பானை அடையும். அந்த வழியே பறந்தால் ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர் ஆகும். இப்போது ஓர் உலக உருண்டையை எடுத்து, இரு நகரங்களுக்கும் இடையே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் தென்கிழக்காகப் போகாது. வடகிழக்காகக் கிளம்பி, ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, ஏறக்குறைய 67 பாகை வட அட்சரேகை வரை ஏறி, சைபீரியாவின் மீது வளைந்து, பிறகு ஜப்பானை நோக்கி இறங்கும். இதுதான் 7,800 கிலோமீட்டர். பூமியின் மையத்தை மையமாகக் கொண்ட பெருவட்டம் ஒன்றின் வில் என்று கணிதநூலார் இதைச் சொல்வர். உருண்டையின் பரப்பில் இரு புள்ளிகளுக்கு இடையே இதைவிடக் குறுகிய வழி கிடையாது. தட்டையான வரைபடம் துருவத்தை நெருங்கும் நிலப்பரப்பை இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதால்தான் நேரான வழி நமக்கு வளைவாகத் தோன்றுகிறது.

இந்த வடிவியல்தான் ஹெல்சிங்கிக்குக் கிடைத்த சீதனம். ஐரோப்பாவின் வடகிழக்கு மூலையில், குளிர் மிகுந்த, ஐம்பத்தைந்து லட்சம் பேர் மட்டுமே வாழும் ஒரு நாட்டின் தலைநகரம் அது. பாரிஸிலிருந்தோ மாட்ரிடிலிருந்தோ ஜப்பானுக்குப் போகிறவர் ஹெல்சிங்கியில் இறங்கி மாறிச் சென்றால் வழி பெரிதாக விலகுவதில்லை. பல நகரங்களுக்கு ஹெல்சிங்கி அந்த நூலின் மேலேயோ அருகிலேயோ இருக்கிறது.

தொலைவோடு காற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஆறுபோல ஓடும் ஜெட் காற்றோட்டம் ஜப்பானின் மீது குளிர்காலத்தில் மிக வலுவாக வீசும். 1920களில் பலூன்களைப் பறக்கவிட்டு இதை முறையாக அளந்தவர் ஜப்பானிய வானிலையாளர் வசாபுரோ ஓஇஷி. உலகம் படிக்கட்டும் என்று தம் முடிவுகளை அவர் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அனைவருக்கும் பொதுவான மொழி என்று உருவாக்கப்பட்ட அதில் எழுதியதாலேயே வெளிநாட்டு அறிஞர் பலரின் கண்ணில் அது படாமல் போயிற்று. 1944 இறுதியில் டோக்கியோ மீது உயரத்திலிருந்து குண்டு வீச வந்த அமெரிக்க விமானிகள் இந்தக் காற்றில் தடுமாறினார்கள். இன்று இதே காற்று டோக்கியோ நோக்கிச் செல்லும் விமானத்தை உந்தித் தள்ளுகிறது. திரும்பி வரும் விமானத்தை மறிக்கிறது. ஒரே தடத்தில் போகும் நேரமும் வரும் நேரமும் வேறுபடுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

பயணச்சீட்டைப் பார்த்து நேரத்தைக் கணக்கிடுவோர் இன்னொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் டோக்கியோ ஹெல்சிங்கியைவிட ஏழு மணி நேரம் முன்னால் இருக்கிறது. கோடையில் ஆறு மணி நேரம். எடுத்துக்காட்டாக, குளிர்காலத்தில் மாலை 6 மணிக்குக் கிளம்பி மறுநாள் பிற்பகல் 2 மணிக்குச் சேரும் விமானம் இருபது மணி நேரம் பறப்பதில்லை; பதின்மூன்று மணி நேரமே.

இனி, வானத்தின் உரிமைக்கு வருவோம். கடலுக்கும் வானுக்கும் சட்டத்தில் பெரிய வேறுபாடு உண்டு. கரையிலிருந்து குறிப்பிட்ட தொலைவுக்கு அப்பால் பெருங்கடல் எல்லோருக்கும் பொது. ஆனால், ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலே உள்ள வான்பரப்பு முழுவதும் அந்த நாட்டுக்கே உரியது என்று 1944 டிசம்பரில் சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டு ஒப்பந்தம் தன் முதல் பிரிவிலேயே கூறிவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடியாத நேரம். வானிலிருந்து குண்டுமழை பொழிந்துகொண்டிருந்தது. தன் தலைக்கு மேலே யார் பறப்பது என்பதை முடிவு செய்யும் உரிமையை எந்த அரசும் விட்டுக்கொடுக்க முன்வராததில் வியப்பில்லை. தரையிறங்காமல் கடந்து செல்லும் உரிமையை நாடுகள் ஒன்றுக்கொன்று வழங்கிக்கொள்ளத் தனியாக இன்னோர் உடன்படிக்கை அதே மாநாட்டில் உருவாயிற்று. பெரும்பான்மை நாடுகள் அதில் சேர்ந்தன. அன்றைய சோவியத் ஒன்றியம் சேரவில்லை. இன்றைய ரஷ்யாவும் சேரவில்லை. உலகின் மிகப் பெரிய நிலப்பரப்பைக் கொண்ட நாடு அது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு கையெழுத்து இல்லாததன் எடை விளங்கும்.

பனிப்போர்க் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்குப் போக முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, மேற்காசியா, இந்தியத் துணைக்கண்டம், தென்கிழக்காசியா என்று ஊர் ஊராக இறங்கி ஏறும் தெற்கு வழி. ஐம்பது மணி நேரம் பிடித்தது. 1957 பிப்ரவரியில் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ். கோபன்ஹேகனிலிருந்து வடதுருவப் பகுதியைக் கடந்து, அலாஸ்காவின் அங்கரேஜில் எரிபொருள் நிரப்பிக்கொண்டு டோக்கியோ செல்லும் வழியைத் திறந்தது. பயண நேரம் முப்பது மணி அளவுக்குக் குறைந்தது. அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு அங்கரேஜ் உலகின் முக்கியமான வழிச்சத்திரமாக விளங்கியது. ஜப்பானியப் பயணிகளுக்காக அந்த விமான நிலையத்தில் இயங்கிய உடோன் நூடுல்ஸ் கடை ஒரு தலைமுறையின் நினைவில் நிலைத்துவிட்டது. நடுவழியில், பனிமலைகளின் நடுவே, சொந்த ஊர்ச் சாப்பாடு கிடைத்தால் யாருக்குத்தான் மறக்கும்?

அந்த வழியில் ஆபத்தும் இருந்தது. துருவத்துக்கு அருகே காந்தத் திசைகாட்டியை நம்ப முடியாது. 1978 ஏப்ரலில் பாரிஸிலிருந்து அங்கரேஜ் வழியாக சியோல் செல்லப் புறப்பட்ட கொரிய விமானம் திசை தவறி சோவியத் எல்லைக்குள் நுழைந்தது. போர் விமானம் அதைச் சுட்டது. விமானி உறைந்த ஏரி ஒன்றின் மீது விமானத்தை இறக்கினார். பயணிகளில் இருவர் உயிரிழந்தனர். பிழைத்தவர்கள் சில நாள்களில் விடுவிக்கப்பட்டு ஹெல்சிங்கிக்குக் கொண்டுவரப்பட்டனர். ஐந்தாண்டு கழித்து, 1983 செப்டம்பர் 1 அன்று, அங்கரேஜிலிருந்து சியோல் சென்ற அதே நிறுவனத்தின் இன்னொரு விமானம் வழி விலகி, சக்கலின் தீவுக்கு அருகே சோவியத் போர் விமானத்தால் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 269 பேரும் இறந்தனர். அதன் பிறகுதான் ஜிபிஎஸ் வழிகாட்டுதலைப் பொதுமக்கள் பயன்பாட்டுக்கும் அளிப்பதாக அன்றைய அமெரிக்க அதிபர் ரீகன் அறிவித்தார். இன்று நம் கைப்பேசியில் வழி தேடும்போது அந்த 269 பேரை எவரும் நினைப்பதில்லை.

அதே 1983-இன் ஏப்ரலில் பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவனம் ஒரு துணிச்சலான காரியத்தைச் செய்தது. மூன்று என்ஜின்கள் கொண்ட டி.சி.-10 விமானத்தில் கூடுதல் எரிபொருள் தொட்டிகளைப் பொருத்தி, வடதுருவத்தைக் கடந்து, அலாஸ்காவுக்கும் சைபீரியாவுக்கும் இடைப்பட்ட பேரிங் நீரிணை வழியாக இறங்கி, எங்கும் நிற்காமல் டோக்கியோவை அடைந்தது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஜப்பானுக்கு இடைநில்லாமல் பறந்த முதல் நிறுவனம் அதுவே. எடுத்துக்கொண்ட நேரம் ஏறத்தாழ பதின்மூன்று மணி.

பனிப்போர் தணிந்ததும் சைபீரிய வானம் படிப்படியாகத் திறந்தது. ஆனால், இலவசமாகத் திறக்கவில்லை. சைபீரியாவைக் கடக்க ஐரோப்பிய நிறுவனங்கள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டாலர்களைக் கட்டணமாகச் செலுத்தின; அதில் பெரும்பகுதி ரஷ்யாவின் ஏரோஃபிளோட் நிறுவனத்துக்கே போய்ச் சேர்ந்தது. போட்டியாளருக்கே சுங்கம் கட்டிப் பறக்கும் விசித்திரம் இது. இந்தக் கட்டணத்தைப் படிப்படியாக நீக்குவதென 2006 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியமும் ரஷ்யாவும் நடத்திய உச்சி மாநாட்டில் இணக்கம் காணப்பட்டது. அந்த மாநாடு நடந்த இடமும் ஹெல்சிங்கிதான். இணக்கம் முழுமையாக நிறைவேறவே இல்லை.

கட்டணம் இருந்தாலும் ஃபின்னேருக்கு அது பொற்காலம். போக ஒன்பதரை மணி, வரப் பத்து மணி. இரு முனைகளிலும் துப்புரவு செய்து எரிபொருள் நிரப்ப இரண்டிரண்டு மணி நேரம். ஆக, ஒரே விமானம் 24 மணி நேரத்துக்குள் டோக்கியோ போய்த் திரும்பிவிடலாம். தினசரிச் சேவைக்கு ஒரு விமானம் போதும் என்பது சிறிய விஷயமல்ல. லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ இது இயலாது. அங்கிருந்து தொலைவு கூடுதல். பல நூறு கோடி ரூபாய் விலையுள்ள விமானம் எவ்வளவு நேரம் பறக்கிறது என்பதில்தான் இந்தத் தொழிலின் லாபம் இருக்கிறது. அரசே பெரும்பான்மைப் பங்குகளை வைத்திருக்கும் அந்த நிறுவனமும் அந்நாட்டு விமான நிலையமும் தங்கள் எதிர்காலத்தை இந்த 24 மணி நேரக் கணக்கின் மீது கட்டின. ஹெல்சிங்கி விமான நிலையத்தில் ஜப்பானிய, சீன மொழிகளில் அறிவிப்புப் பலகைகள் எழுந்தன. ஏறத்தாழ நூறு கோடி யூரோ செலவிலான விரிவாக்கத்தின் ஒரு பகுதியாகப் புதிய முகப்புக் கட்டடம் 2021 டிசம்பர் 1 அன்று திறக்கப்பட்டது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தது. 27-ஆம் தேதி ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானை மூடியது. மறுநாள் ரஷ்யா 36 நாடுகளின் விமானங்களுக்குத் தன் வானை மூடியது. மார்ச் மாதம் 9-ஆம் தேதி ஃபின்னேர் மீண்டும் டோக்கியோவுக்குப் பறந்தபோது கையில் இருந்தவை இரண்டே வழிகள். ஒன்று, தெற்கே இறங்கி, துருக்கி, காக்கசஸ், கஜகஸ்தான், சீனா, கொரியா வழியாகச் செல்வது. மற்றொன்று, 1983-இன் அதே துருவ வழி.

துருவ வழியின் நீளத்தை யாரும் மனக்கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஓர் அட்சரேகைப் பாகைக்கு 111 கிலோமீட்டர். 60 பாகையில் இருக்கும் ஹெல்சிங்கியிலிருந்து துருவத்துக்கு 30 பாகை, அதாவது சுமார் 3,300 கிலோமீட்டர். துருவத்திலிருந்து பேரிங் நீரிணைக்கு 24 பாகை, ஏறத்தாழ 2,700. அங்கிருந்து டோக்கியோவுக்கு 4,600-க்கு மேல். கூட்டினால் 10,600-ஐத் தாண்டுகிறது. கம்சட்கா தீபகற்பத்தின் வானையும் தொடாமல் விலகிப் போக வேண்டும் என்பதால் உண்மையில் பறக்கும் தொலைவு இன்னும் அதிகம். எந்த வழியில் செல்வது என்பதை அன்றன்றைய காற்றே முடிவு செய்கிறது. ஜப்பானிய நிறுவனங்களும் ரஷ்ய வானைத் தவிர்ப்பதால், டோக்கியோவிலிருந்து லண்டனுக்கு அலாஸ்கா, கிரீன்லாந்து பக்கமாகப் போய், மத்திய ஆசியா வழியாகத் திரும்புவது வழக்கமாயிற்று. அப்படிப் போய் வருபவர் தம்மை அறியாமலே பூமியை ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறார்.

கூடுதல் மூன்றரை மணி நேரத்தின் விலை என்ன? ஏ350 ரக விமானம் மணிக்கு ஏறத்தாழ ஆறு டன் எரிபொருளை எரிக்கிறது. ஒருவழிப் பயணத்துக்கு இருபது டன் அதிகம். அது எரிந்து அறுபது டன்னுக்கு மேல் கரியமில வாயுவாகிறது. அந்த எரிபொருளைச் சுமக்கவே இன்னும் எரிபொருள் வேண்டும். சுமை கூடும்போது சரக்கைக் குறைக்க வேண்டும். கூடுதல் விமானிகள் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பதின்மூன்றும் பதின்மூன்றும் இருபத்தாறு. ஒரே விமானம் ஒரு நாளில் போய் வரும் கணக்கு உடைந்துவிட்டது. ஃபின்னேர் சில விமானங்களை ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. கத்தார் ஏர்வேஸுடன் சேர்ந்து தோஹாவுக்கும், தனியே அமெரிக்காவின் டாலஸுக்கும் பறக்கத் தொடங்கியது. கிழக்கு நோக்கிக் கட்டிய வீட்டுக்கு அவசர அவசரமாக மேற்கிலும் தெற்கிலும் வாசல் வைத்ததைப் போன்றது இது.

ரஷ்ய விமானங்களுக்கு வானை மூடிய முடிவு தவறு என்று நான் கருதவில்லை. அண்டை நாட்டின் நகரங்கள் மீது ஏவுகணை வீசுகிற அரசின் விமானங்களுக்கு வழக்கம்போல வழிவிடுவது அன்று எந்த ஐரோப்பிய அரசுக்கும் இயலாத காரியம். ஆனால், அதன் சுமை சமமாக விழவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். சீன நிறுவனங்கள் இன்றும் சைபீரியா வழியாகவே ஐரோப்பாவுக்கு வந்து போகின்றன. அதே தடத்தில், அதே பயணிக்காகப் போட்டியிடும் ஐரோப்பிய நிறுவனங்கள் சுற்றிக்கொண்டு போகின்றன. 2024-இல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் லண்டனிலிருந்தும், லுஃப்தான்சா பிராங்பேர்ட்டிலிருந்தும் பெய்ஜிங் சேவையை நிறுத்திக்கொண்டதற்கு இதுவும் ஒரு காரணம். தடை விதித்தவரைவிடத் தடைக்கு வெளியே நின்றவருக்கே ஆதாயம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இந்தியர்களாகிய நாம் இந்த விவகாரத்தில் இரு பக்கமும் நின்றிருக்கிறோம். ஏர் இந்தியாவுக்கு ரஷ்ய வானம் மூடப்படவில்லை. தில்லியிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு அது ரஷ்யா வழியாகப் பறந்தபோது, அமெரிக்காவின் யுனைடெட் நிறுவனம் 2022 மார்ச்சில் அதே தடத்தில் தன் சேவையை நிறுத்த நேர்ந்தது. அந்த ஆதாயத்தின் மறுபக்கம் 2023 ஜூனில் தெரிந்தது. என்ஜின் கோளாறால் ஏர் இந்தியா விமானம் ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் உள்ள மகதானில் இறங்கியது. பொருளாதாரத் தடைகளின் நடுவே, மாற்று விமானம் வந்து சேரும்வரை பயணிகள் அங்கே காத்துக்கிடந்தனர். இன்னொரு புறம், 2019-இல் சில மாதங்களும், பிறகு 2025 ஏப்ரலில் தொடங்கி மாதம் மாதமாக நீட்டிக்கப்பட்டும் பாகிஸ்தான் தன் வானை இந்திய விமானங்களுக்கு மூடியது. இந்தியாவும் பதிலுக்கு மூடியது. தில்லியிலிருந்து மேற்கே செல்லும் விமானங்கள் தெற்கே இறங்கி அரபிக் கடல் வழியாகச் சுற்றுகின்றன. அமெரிக்கா செல்லும் சில விமானங்கள் வியன்னாவில் எரிபொருள் நிரப்ப இறங்க வேண்டியதாயிற்று. ஹெல்சிங்கியின் நிலைமை தில்லிக்குப் புதிதன்று.

1944-இன் உடன்படிக்கையை மாற்றி வானைப் பெருங்கடலைப் போலப் பொதுவாக்க வேண்டும் என்று கூறுவோர் உண்டு. ஆளில்லா விமானங்களும் ஏவுகணைகளும் பெருகிவிட்ட இந்நாளில் எந்த அரசும் அதற்கு இசையும் என்று எனக்குத் தோன்றவில்லை. வானை மூடும் முடிவு வெளியுறவுக் கொள்கை சார்ந்தது என்றால், அதன் செலவை அந்தத் தடத்தின் பயணியும் ஒரு நிறுவனமும் மட்டும் ஏற்பது முறையல்ல. முடிவெடுத்த அரசுகள் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது. பின்லாந்து போன்ற சிறிய நாட்டுக்கு அது இன்னும் பொருந்தும்.

ஃபின்னேரோ யாருக்காகவும் காத்திருக்கவில்லை. 2022 செப்டம்பரில் வெளியிட்ட புதிய திட்டத்தில், ரஷ்ய வானம் நெடுங்காலம் மூடியே இருக்கும் என்ற அடிப்படையிலேயே அது தன் கணக்குகளை வகுத்தது. துருவத்தைக் கடக்கும் பயணிகளுக்கு அதன் பணியாளர்கள் ஒரு சான்றிதழ் வழங்குகிறார்கள். 1983-இல் அந்த வழியே சென்றவர்களுக்கும் அப்படி ஒரு சான்றிதழ் வழங்கப்பட்டது.